ஓரத்தில் நின்ற அத்தை

உங்கள் குடும்பத்தில் ‘கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்’ யார்? எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் இருப்பார். ரயில் டிக்கெட் போட, ஆதாரில் விலாசம் மாற்ற, பிரின்டர் முனகினால் தட்டிப் பார்க்க. அது நீங்களாக இருந்தால், ஒருநாள் இந்த வேலையும் உங்களிடம் வந்து சேரும். அழுது முடிப்பதற்குள் வந்துவிடும். அதனால் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, போன மூன்றாம் நாள். பால் தெளித்துவிட்டு வந்து திருவாரூர் பக்கத்துக் கிராமத்து வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அத்தானின் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

“மாமா, பதினாறாம் நாளைக்கு அப்பாயிக்கு ஒரு வீடியோ போடணும். ஃபோட்டோவெல்லாம் வரிசையா வந்து, நடுவுல வீடியோவும் வர்ற மாதிரி. எந்த சாஃப்ட்வேர் மாமா நல்லாருக்கும்?”

சாஃப்ட்வேர்காரனே என்னிடம் கேட்கிறானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைதான். “ரெண்டு நாள் வேலைடா, பாத்துக்கலாம்” என்றேன். பன்னிரண்டு நாள் ஆயிற்று.

இந்த ‘ஸ்லைடு ஷோ’ என்ற சமாசாரம் நமக்குப் புதுசு இல்லை. அந்தக் கால டூரிங் டாக்கீஸில் படம் ஆரம்பிக்கும் முன் ஜவுளிக்கடை விளம்பரம் கண்ணாடி ஸ்லைடாக வந்து, பாதியில் சாய்ந்து நின்று, ஆபரேட்டரின் விரல் நிழல் திரையில் தெரிந்ததைப் பார்த்திருக்கிறோம். வெளிநாட்டில் வசதியானவர்கள் வீட்டில் கோடாக் கரோஸல் என்று ஒரு புரொஜக்டர் வைத்திருந்தார்கள். 1961-ல் வந்தது. வட்டத் தட்டில் ஸ்லைடுகளைச் செருகிவிட்டால் ‘க்ளக், க்ளக்’ என்று ஒவ்வொன்றாக விழும். 2004-ல் கோடாக் அதை நிறுத்திவிட்டது. அதற்குள் எல்லாரும் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தார்கள்.

நம் ஊரில் சாவுக்கும் ஃபோட்டோவுக்கும் உள்ள சம்பந்தம் அதைவிடப் பழசு. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நிற்கப் படம் எடுக்கும் வழக்கம் இருந்தது. எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். அதாவது, வாழ்நாள் முடிந்தபின் எடுத்தது. இன்று செல்போன் புண்ணியத்தில் அந்த நிலைமை மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் நான் வேலையில் இறங்கினேன்.

முதலில் படம் சேகரித்தோம். ஆறு வீட்டு ஆல்பங்கள், ஒரு டிரங்குப் பெட்டி, அப்புறம் எல்லாருடைய போன். இங்கே இரண்டு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டும் பக்கம் வைத்த ஆல்பத்தில் படம் ஒட்டிக்கொண்டுவிட்டதென்றால் உரிக்காதீர்கள். முகம் பக்கத்தோடு போய்விடும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணிவிடலாம். இன்னொன்று, வாட்ஸப்பில் ‘ஃபோட்டோ’வாக அனுப்பச் சொல்லாதீர்கள். அது படத்தைச் சப்பையாக நசுக்கி அனுப்பும். எடுத்த தேதியையும் தின்றுவிடும். ‘டாக்குமென்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். சொன்னாலும் பாதிப் பேர் ஃபோட்டோவாகத்தான் அனுப்புவார்கள். கூடவே ஒரு குட்மார்னிங்.

மொத்தம் ஆயிரத்துக்குப் பக்கம் சேர்ந்தது. “சூப்பர் மாமா, இதுல பாதிய எடுத்துட்டாலே போதும்” என்றான் பையன். பிரித்து அடுக்கினால் கணக்கு வேறு மாதிரி வந்தது. 2012-க்குப் பிறகு, பேரப்பிள்ளைகள் கையில் போன் வந்த பிறகு எடுத்தவை அறுநூற்றுச் சொச்சம். எல்லாவற்றிலும் அத்தை கிழவி. அதில் பாதி கட்டிலில். அதற்கு முந்தைய எழுபது வருடத்துக்கு அத்தை இருக்கும் படங்கள் முப்பத்தொன்று.

1959-ல் எடுத்த கல்யாணப் படம் ஒன்று. ஸ்டூடியோவில், மரப்படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால், பதினேழு வயசில் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம் கைக்குழந்தை அத்தானோடு ஒன்று. 1969-ல் மாமா இறந்துவிட்டார். அத்தைக்கு இருபத்தேழு வயசு. பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு அப்போது ஆறு வயசு. என்னை ஸ்கூலுக்குக் கூட்டிப்போனது, டைபாய்டில் படுத்திருந்தபோது இருபது நாள் கஞ்சி ஊட்டியது, எட்டாம் கிளாஸ் வரைக்கும் தலைவாரி விட்டது எல்லாம் அத்தைதான். அம்மாவுக்கு வீட்டு வேலைக்கே நேரம் போதாது.

1969-லிருந்து வாக்காளர் அடையாள அட்டை வரும்வரை அத்தையைத் தனியாக யாரும் ஒரு படம் எடுக்கவில்லை. இருப்பதெல்லாம் வீட்டு விசேஷத்தில் எடுத்த கும்பல் படங்கள். அதிலும் அவள் ஓரம். கடைசி வரிசையில் கடைசி ஆள். இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் அரை முகம். ஏன் என்று எங்கள் தலைமுறைக்குச் சொல்லவேண்டியதில்லை. பேரனுக்குத்தான் சொல்லவேண்டியிருந்தது. புருஷன் இல்லாதவள் கல்யாணப் படத்தில் முன்னால் நிற்கமாட்டாள். நிற்க விடமாட்டார்கள். கேமரா வந்தால் தானே நகர்ந்துவிடும் பழக்கம் அத்தைக்கு வந்துவிட்டது. பின்னாளில் யாரும் நகரச் சொல்லாதபோதும் நகர்ந்தாள்.

சரி, சாஃப்ட்வேருக்கு வருகிறேன்.

முதலில் பையன் தன் போனில் இருந்த ஒரு ஆப்பில் எல்லாப் படத்தையும் கொட்டினான். “ரெண்டு நிமிஷம் மாமா.” உண்மைதான், இரண்டே நிமிஷம். அதுவே படங்களைப் பொறுக்கி, அதுவே பாட்டுப் போட்டு, அதுவே வெட்டி ஒட்டித் தயாராக நீட்டிவிட்டது. பார்த்தோம். முதல் படம் ஆஸ்பத்திரிக் கட்டில். கடைசிப் படம் 1959 கல்யாணம். நடுவில் பளபளவென்று இதயங்கள் பறந்தன.

இதில் ஆப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை. டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் எடுத்த தேதி ஒளிந்திருக்கும். அதை வைத்துத்தான் இவை வரிசைப்படுத்துகின்றன. ஸ்கேன் பண்ணிய பழைய படத்துக்கு ஸ்கேன் பண்ணிய தேதிதான் பிறந்த தேதி. ஆக, அத்தை செத்து ஐந்தாம் நாள் அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. இதற்கு எளிய வைத்தியம் உண்டு. ஒவ்வொரு ஃபைலின் பெயரையும் வருஷத்தில் ஆரம்பியுங்கள். 1959, 1974, 1990 என்று. தோராயமாகத் தெரிந்தால்கூடப் போதும். அப்புறம் பெயர்வாரியாக அடுக்கச் சொன்னால் எந்தக் கம்ப்யூட்டரும் ஒழுங்காக அடுக்கும்.

ஆனால் தேதியைவிடப் பெரிய கோளாறு ஒன்று அந்த வீடியோவில் இருந்தது. மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் பிடிபட்டது. பழைய படங்கள் ஒன்றிலும் அத்தை இல்லை!

காரணம் இதுதான். பழைய பிரின்ட் எல்லாம் கொஞ்சம் சதுரம். டிவி திரை அகலம், பதினாறுக்கு ஒன்பது. படத்தைத் திரை முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் எங்காவது வெட்டியாகவேண்டும். மேலும் கீழும் வெட்டும். அதோடு படம் அசையாமல் நின்றால் அலுக்கும் என்று உள்ளே மெதுவாக நெருங்கிப் போகும். எங்கே நெருங்கும்? பெரிதாக, நடுவில் தெரிகிற முகங்களை நோக்கி. அதாவது மாப்பிள்ளை பெண்ணை நோக்கி. ஓரத்தில் நிற்கிறவர் முதல் செகண்டிலேயே திரைக்கு வெளியே போய்விடுவார். சொந்தக் கருமாதி வீடியோவிலும் அத்தை நகர்ந்துகொண்டுவிட்டாள்.

நின்றுபோன படத்துக்குள் இப்படி மெல்ல நகர்ந்து போகும் வித்தைக்கு ‘கென் பர்ன்ஸ் எஃபெக்ட்’ என்று பெயர். கென் பர்ன்ஸ் அமெரிக்க டாக்குமென்டரிக்காரர். 1990-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு தொடர் எடுத்தார். போர் நடந்தது 1861-லிருந்து 65 வரை. சினிமா கேமராவே கிடையாது. பழைய ஃபோட்டோக்களை வைத்துத்தான் கதை சொல்லியாகவேண்டும். ஒரு சிப்பாயின் முகத்தில் ஆரம்பித்து மெதுவாகப் பின்வாங்கி மொத்தப் படையையும் காட்டுவார். இல்லாவிட்டால் படையில் ஆரம்பித்து ஒரு கையில் கொண்டுபோய் நிறுத்துவார். அவருக்கு முன்பும் பலர் இதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் 2003-ல் ஆப்பிள்காரர்கள் தங்கள் ஐமூவியில் இந்த வசதியை வைத்தபோது ஸ்டீவ் ஜாப்ஸ் அவர் பெயரையே வைத்துவிட்டார்.

பர்ன்ஸுக்குப் பதினொரு வயசில் அம்மா புற்றுநோயில் இறந்துவிட்டார். பல வருஷம் கழித்து மனோதத்துவ நிபுணரான அவர் மாமனார் சொன்னாராம், இறந்தவர்களை எழுப்புவதைத்தானே நீ தொழிலாகவே வைத்திருக்கிறாய், உண்மையில் யாரை எழுப்பப் பார்க்கிறாய் என்று. பர்ன்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நான் சொல்லவந்தது, அவர் கேமரா எங்கே ஆரம்பித்து எங்கே முடியவேண்டும் என்பதை அவர் தீர்மானித்தார். ஆப் தீர்மானிக்கவில்லை.

ஆகவே சாஃப்ட்வேர் தேர்ந்தெடுப்பதற்கு எனக்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்று ஆகிவிட்டது. எத்தனை டெம்ப்ளேட், எத்தனை டிரான்ஸிஷன், பூ கொட்டுமா, புறா பறக்குமா, எதுவும் வேண்டாம். ஒரு படத்தில் எந்த முகத்தில் ஆரம்பித்து எங்கே போய் நிற்கவேண்டும் என்று நான் சொன்னால் கேட்குமா?

வேடிக்கை பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 2004-ல் இனாமாகக் கொடுத்த ‘ஃபோட்டோ ஸ்டோரி 3’ என்கிற சின்ன சாஃப்ட்வேர் இதைக் கேட்டது. ஆரம்பத்துக்கு ஒரு கட்டம், முடிவுக்கு ஒரு கட்டம், இழுத்து வைத்தால் போதும். அதைக் கைகழுவிவிட்டார்கள். விண்டோஸ் மூவி மேக்கர் 2017-ல் போயிற்று. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண ஆல்பத்துக்கெல்லாம் நம்பியிருந்த ‘புரோஷோ’ கம்பெனி 2020 ஜனவரியோடு கடையை மூடியது. இன்று ஐபோன், மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி இருக்கிறது. ஐமூவியில் அந்த இரண்டு கட்டமும் உண்டு. விண்டோஸ்காரர்களுக்கு ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் இருக்கின்றன. இரண்டிலும் காசு கொடுக்காமல் இதைச் செய்யலாம். ரிசால்வில் ஹாலிவுட் படமே எடிட் பண்ணுகிறார்கள். ஆனால் அதற்குத் தெம்பான கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். என் லேப்டாப்பில் அதைத் திறந்ததும் மின்விசிறி இட்லி குக்கர் மாதிரி சத்தம் போட்டது. தவிர, கற்றுக்கொள்ள ஒரு மாசம் ஆகும். எங்களுக்கு மிச்சம் எட்டு நாள்.

நடுவில், நெட்டில் தேடி ஒரு ‘ஃப்ரீ’ சாஃப்ட்வேரையும் பிடித்தோம். பெயர் வேண்டாம். இரண்டு ராத்திரி உட்கார்ந்து அழகாகச் செய்து முடித்து, வீடியோவாக மாற்றச் சொன்னால், திரையின் குறுக்கே தன் கம்பெனிப் பெயரைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தது. சரியாக அத்தை நெற்றியில். பெயரை எடுக்க டாலரில் கேட்டது. அதிலிருந்து ஒன்று கற்றேன். எதை எடுத்தாலும் முதலில் இரண்டே இரண்டு படம் போட்டுக் கடைசி வரை போய்ப் பாருங்கள். ஃபைல் வருகிறதா, டிவியில் ஓடுகிறதா என்று. அப்புறம் மிச்சத்தைச் செய்யுங்கள்.

கடைசியில் நான் பிடித்துக்கொண்டது என்ன தெரியுமா? பவர்பாயின்ட். சிரிக்காதீர்கள். பையனும் சிரித்தான். “மாமா, அது ஆபீஸ்ல மீட்டிங்குக்குப் போடுறது.” இருக்கட்டுமே. 2019-க்கு அப்புறம் வந்த பவர்பாயின்ட்டில் ‘மார்ஃப்’ என்று ஒரு டிரான்ஸிஷன் இருக்கிறது. ஒரு ஸ்லைடில் படத்தை இழுத்து, அத்தை முகம் மட்டும் திரை நிறையத் தெரியும்படி பெரிதாக்கி வைக்கிறேன். அந்த ஸ்லைடை அப்படியே நகலெடுத்து, நகலில் முழுப் படமும் தெரியச் சுருக்குகிறேன். நகலுக்கு மார்ஃப், நேரம் பன்னிரண்டு செகண்ட். அவ்வளவுதான். முகத்தில் ஆரம்பித்து வழுக்கிக்கொண்டு பின்வாங்கும். எந்த ஆப்புக்கும் அபிப்பிராயம் சொல்ல வாய்ப்பில்லை. வீடியோத் துண்டையும் நடுவில் வைக்கலாம். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். படமெல்லாம் அந்த ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடுவதால், மற்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் மாதிரி ஃபோல்டரை நகர்த்தினால் ‘படத்தைக் காணோம்’ என்று சிவப்புக் கட்டம் காட்டாது. ஒன்று மட்டும். சேமிக்கும்போது படத்தை நசுக்கும் கெட்ட புத்தி இதற்கும் உண்டு. செட்டிங்கில் போய், நசுக்காதே என்று டிக் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகத்துக்கு நெருங்கிப் போகும்போது மாவு மாதிரி கலங்கும்.

இன்னொரு காரணம் தமிழ். வீடியோ ஆரம்பத்தில் ‘தோற்றம் – மறைவு’ என்று வரவேண்டும் அல்லவா? முதலில் முயன்ற சாஃப்ட்வேர் ஒன்றில் ‘தோ’ எழுத்து த, அப்புறம் ஒரு கொம்பு, அப்புறம் ஒரு கால் என்று மூன்றாக உடைந்து, நடுவில் புள்ளிபோட்ட வட்டத்தோடு வந்தது. யூனிகோடில் ‘த’ முதலில், ‘ஓ’காரக் குறி பின்னால் என்றுதான் சேமிப்பார்கள். அதை இரண்டு பக்கமும் பிரித்து வரையவேண்டியது சாஃப்ட்வேரின் பொறுப்பு. சிலவற்றுக்கு அந்தப் பொறுப்பே கிடையாது. அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டால், தலைப்பை வேர்டிலோ பவர்பாயின்ட்டிலோ அடித்து, படமாகச் சேமித்து, அந்தப் படத்தைச் செருகிவிடுங்கள்.

எழுத்து வந்துவிட்டது, தேதி வரவில்லை. ஆதாரில் அத்தை பிறந்தது ஜனவரி 1. அவள் வயசுக்காரர்கள் பாதிப் பேர் ஜனவரி 1-ல்தான் பிறந்திருக்கிறார்கள். வாக்காளர் அட்டை வேறு வயசு சொன்னது. “நாகப்பட்டினத்துல புயலடிச்சப்ப எனக்குப் பத்து வயசு” என்று அத்தை சொன்னதுதான் இருப்பதிலேயே நம்பகமான ஆவணம். அது 1952. தோற்றம்: 1942 என்று மட்டும் போட்டோம்.

அடுத்தது ஸ்கேன். நாலுக்கு ஆறு இன்ச் கும்பல் படத்தில் ஒரு முகம் ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். வழக்கமாகக் கடையில் செய்யும் 300 டிபிஐ-யில் ஸ்கேன் பண்ணினால் அந்த முகத்துக்கு அறுபது புள்ளிகூடத் தேறாது. 1200-ல் பண்ணினால் இருநூற்று முப்பத்தாறு. ஐந்து லட்சம் ரூபாய் சாஃப்ட்வேர் வாங்கினாலும் இல்லாத புள்ளியைக் கொண்டுவர முடியாது. அதனால் திருவாரூரில் ஒரு கடையில் உட்கார்ந்து, கடைக்காரர் முறைக்க முறைக்க, முப்பத்தொரு படத்தையும் 1200-ல் போடச் சொன்னேன்.

அங்கேதான் அதைப் பார்த்தேன்.

1990, என் கல்யாணம். ஆல்பத்தில் பெரிய பிரின்ட். மணவறையில் நானும் மனைவியும், இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள். இடது ஓரத்தில் தூண். தூணுக்குப் பின்னால் அத்தை. அவள் அங்கே நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும். படம் எடுப்பதற்கு முன் பெரியவர் ஒருவர், “அவங்களக் கொஞ்சம் அந்தாண்ட தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா” என்றார். எனக்குக் கேட்டது. கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். டிகிரி படித்தவன், பெரியார் கூட்டத்துக்கெல்லாம் போய்க் கை தட்டியவன். ஒன்றும் சொல்லவில்லை. அத்தை ஒன்றும் நடக்காத மாதிரி தூணுக்குப் பின்னால் போனாள். அன்று மத்தியானம் பந்தியில் எனக்கு இரண்டாவது கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னதும் அவள்தான்.

அந்தப் படம் முப்பது வருஷத்துக்கும் மேலாக என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எத்தனையோ தடவை புரட்டியிருக்கிறேன். மானிட்டரில் கடைக்காரர் அந்த ஓரத்தைப் பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரித்துக்கொண்டு.

“சார், அடுத்த படம் வைக்கலாமா?” என்றார் கடைக்காரர்.

நீங்கள் கேட்பீர்கள், இந்தக் காலத்தில் ஏஐ இருக்கிறதே, கலங்கின முகத்தைத் தெளிவாக்கித் தராதா என்று. தரும். பையனும் அதைச் செய்து பார்த்தான். 2021-ல் மைஹெரிட்டேஜ்காரர்கள் ‘டீப் நாஸ்டால்ஜியா’ என்று, பழைய படத்தைக் கண் சிமிட்டிச் சிரிக்கவைக்கும் வித்தையைக் கொண்டுவந்தார்கள். உலகமே கொள்ளுத்தாத்தாக்களைச் சிமிட்டவைத்துப் பார்த்தது. இப்போது அதுபோல எத்தனையோ. பையன் அப்படி ஒன்றில் 1959 படத்தைப் போட்டு, வண்ணமும் ஏற்றி, அத்தைக்கு உயிர் கொடுத்துக் கொண்டுவந்தான். பதினேழு வயசுப் பெண் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, கண் சிமிட்டி, பல் தெரியச் சிரித்தாள்.

அத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “அம்மாவுக்கு மேல்பல் ஒண்ணு கோணலா இருக்கும்டா” என்றார். இந்தப் பெண்ணுக்குப் பல் வரிசை முத்து மாதிரி இருந்தது. மூடியிருந்த வாய்க்குள் என்ன இருந்தது என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? அதுவாகப் பல் வைத்திருக்கிறது. புடவையை நீலமாக்கியிருந்தது. உள்ளே போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அத்தான் அந்தக் கூறைப்புடவையை எடுத்துவந்து காட்டினார். அரக்கு. ஜரிகை கறுத்துப்போய், மடிப்பில் கிழிந்திருந்தது. அறுபத்தைந்து வருஷம் அத்தை அதை வைத்திருந்திருக்கிறாள், உடுத்த முடியாவிட்டாலும்.

பையன் ஒன்றும் சொல்லாமல் அந்த ஃபைலை அழித்தான். கறுப்பு வெள்ளையே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. கீறலையும் தூசியையும் மட்டும் துடைத்தோம். முகத்தில் கைவைக்கவில்லை.

வீடியோத் துண்டு ஒன்று கிடைத்தது. 2017-ல் கொள்ளுப்பேரன் காதுகுத்தில் யாரோ போனில் எடுத்தது. பதினோரு செகண்ட். அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வருகிறாள். கேமராவைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் ஒதுங்குகிறாள். எடுக்கிறவன் விடாமல் கூடவே போகிறான். “என்னய எதுக்குடா புடிக்கிற? போ, போய் சாப்புடு, எல ஈ மொய்க்குது” என்று கையை ஆட்டுகிறாள். அவ்வளவுதான்.

கிறிஸ் மார்க்கர் என்கிற ஃபிரெஞ்சுக்காரர் 1962-ல் ‘லா ஜெட்டே’ என்று இருபத்தெட்டு நிமிஷப் படம் எடுத்தார். முழுக்க முழுக்க அசையாத ஃபோட்டோக்கள். நடுவில் ஒரே ஒரு இடத்தில், சில செகண்ட் மட்டும், தூங்கும் பெண் கண்ணைத் திறந்து சிமிட்டுவாள். அது ஒன்றுதான் அசைகிற காட்சி. பார்த்தவர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். எங்களுக்கும் அந்தப் பதினோரு செகண்டை எங்கே வைப்பது என்று யோசித்து, ஆரம்பத்தில் வைக்காமல், கடைசியிலும் வைக்காமல், பழைய படங்கள் முடிந்த கையோடு வைத்தோம். பின்னணிப் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையனுக்கு வருத்தம். அம்மா சென்டிமென்ட் பாட்டு ஒன்று வைத்திருந்தான். பாட்டைப் போட்டால் ஜனங்கள் பாட்டுக்கு அழுவார்கள்டா என்றேன். ஏழு நிமிஷமும் மௌனம், அதற்கு நடுவில் அவள் குரல் மட்டும்.

கட்டில் படங்கள் அறுநூற்றில் ஒன்பது எடுத்தோம். படத்துக்கு நாலு செகண்டுக்கு மேல் போனால் போரடிக்கும் என்பது பையனின் சித்தாந்தம். புது வண்ணப் படத்துக்கு அது சரி. அதை ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். கும்பல் படத்தில் கண் ஆளைத் தேடும், ‘இது யாரு, அது யாரு’ என்று பக்கத்தில் கேட்கும். அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். பழசுக்குப் பன்னிரண்டு, புதுசுக்கு நாலு என்று சமாதானம் ஆனோம்.

பதினைந்தாம் நாள் ராத்திரி, அத்தான் வீட்டு டிவியில் லேப்டாப்பை ஒயர் போட்டுச் சோதனை ஓட்டம். எல்லாம் நன்றாக வந்தது, கும்பல் படங்களைத் தவிர. முகத்திலிருந்து பின்வாங்கி முழுப் படம் வந்து நின்றதும் ஓரத்தில் அத்தை பாதிதான் தெரிந்தாள். லேப்டாப்பில் முழுசாக இருக்கிறாள், டிவியில் இல்லை! அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு தெரிந்தது, வருகிற படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் கத்தரித்துக் காட்டுவது டிவிகளின் பழங்கால வழக்கம். ஓவர்ஸ்கேன் என்பார்கள். பெட்டி டிவி காலத்தில் ஓரம் சரியாக வராது என்பதற்காக ஆரம்பித்தது, இன்னும் விடவில்லை. மெனுவில் படத்தின் அளவு என்ற இடத்தில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று பிராண்டுக்கு ஒரு பெயரில் அதை நிறுத்தலாம். நிறுத்தினோம். அத்தை முழுசாக வந்தாள்.

“டிவிகூட அப்பாயியத் தள்ளி நிக்கச் சொல்லுது மாமா” என்றான் பையன்.

பாதுகாப்புக்கு பென்டிரைவிலும் ஒரு காப்பி. ஹெச்.264 எம்பி4, 1080. எந்த டிவியும் முரண்டு பிடிக்காது.

மறுநாள் பந்தலில் வெளிச்சம் அதிகம் என்று கூடத்தில் டிவியை வைத்தோம். சாப்பிட்டு முடித்தவர்கள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். மிச்சப் பேர் தரையிலும் ஜன்னலிலும். முதலில் பேச்சு ஓயவே இல்லை. நடுவில் என் கல்யாணப் படம் வந்தது. தூண், அரை முகம், சிரிப்பு. எந்த இடம், எந்த விசேஷம் என்று யாருக்கும் தெரியவில்லை. மெல்ல விலகியது. ஐந்தாறு செகண்ட் கழித்துத்தான் மாலை தெரிந்தது.

“டேய், இது உன் கல்யாணம்டா” என்றாள் என் அக்கா. கொஞ்சம் பொறுத்து, “அத்தை அங்கயா நின்னுச்சு? நான் அடுப்படியில இருந்துச்சுன்னுல்ல நெனச்சிக்கிட்டிருந்தேன்” என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை.

பதினோரு செகண்ட் வந்தது. ‘போ, போய் சாப்புடு’ என்று அத்தை கையை ஆட்டியதும் கூடத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்த கையோடு முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அத்தான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

பவர்பாயின்ட் ஃபைலைப் பையனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மாசம் இருக்கும், ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு போன்.

“மாமா, அடுத்த தெருவுல ஒரு பழைய ஆல்பம் கெடச்சிருக்கு. 1974, கிரகப்பிரவேசம். நம்ம வீட்டு ஆளுங்க எல்லாம் இருக்காங்க. ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுது. ஆள் ஃப்ரேம்ல இல்ல. வளையல் இல்லாத கை. அப்பாயிதான்னு அப்பா சொல்றாரு. சேத்துடலாமா?”

1200-ல் ஸ்கேன் பண்ணி, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.